மனை எண் 17-இன் பின்சுவர்

போக்குவரத்துப் பதிவேடு. மதிவனம் குடியிருப்பு, முதல் கட்டம், நிலா. எழுதுவது: ம. அங்கயற்கண்ணி, போக்குவரத்துத் திட்டமிடுநர். அலுவலக அறிக்கை தனி. இது கைக்குக் கிடைக்கிறவருக்கு.

நாள் 41 | காலை 7.10

சோதனை ஓட்டம் 63. வண்டி 4, காலி. இறங்குதளத்திலிருந்து குடியிருப்புக்கு எட்டு கிலோமீட்டர். பன்னிரண்டு நிமிடம், இருபது வினாடி.

விளம்பரத்தில் 'இறங்குதளத்திலிருந்து பத்தே நிமிடம்' என்று போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் மனை விற்கிறவர்கள் எல்லோரும் ஒரே கடிகாரம்தான் கட்டுகிறார்கள். அதில் பேருந்து நிலையம் எப்போதும் ஐந்து நிமிடம், ரயில் நிலையம் பத்து நிமிடம். நிலாவுக்கு வந்தும் யாரும் அதைக் கழற்றவில்லை.

மற்றபடி எல்லாம் சரி. சொந்த வாகனம் யாருக்கும் கிடையாது. பன்னிரண்டு வண்டிகள், ஒவ்வொன்றிலும் இருபத்து நான்கு இருக்கை, சூரிய மின்சாரம், ஒற்றைக் குழாய்ப்பாதை. நாளை முதல் தினம் பதினேழு குடும்பம் இறங்கும். பன்னிரண்டு நாளில் இருநூற்று நான்கு குடும்பமும் வந்துவிடும். தினமும் மூன்று வண்டி போதும். நெரிசல் என்ற சொல்லே அறிக்கையில் வராதபடி நான் போட்ட அட்டவணை இது. கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

நாள் 43 | மாலை 6.00

இறங்கிய குடும்பங்கள்: 34. குடியிருப்புக்குப் பயணித்தவர்கள்: பூஜ்யம்.

எண்ணும் கருவி பழுதாகியிருக்கும் என்று நினைத்து அதன் முன்னால் நானே பதினொரு முறை நடந்தேன். பதினொன்று என்று சரியாகக் காட்டுகிறது.

நாள் 46 | காலை 11.25

85 குடும்பம் இறங்கிவிட்டது. இன்னும் பூஜ்யம். இறங்குதளக் கூடம் முந்நூறு பேருக்குக் கட்டியது. அங்கே பொறுப்பில் இருப்பவள் எஸ்தர் பொன்னுத்தாய், பாளையங்கோட்டைக்காரி. காலையிலிருந்து நான் நச்சரித்ததில் ஒருவழியாகப் பதில் அனுப்பினாள்.

"அக்கா, மெஷின்ல ஒண்ணும் கோளாறு இல்ல. யாரும் வண்டியில ஏற மாட்டேங்காங்க. பால் காய்ச்சாத வீட்டுல எப்படிப் போயி படுக்கதுன்னு கேக்காங்க. இன்னும் எட்டு நாள்ல முகூர்த்தமாம், ஒம்பதே கால்ல இருந்து பத்தே கால் வரைக்கும். அதுவரைக்கும் இங்கனயே இருந்துக்கிடுதோம்ங்காங்க. ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போற எனக்கு இது தெரியுது. மதுரைக்காரி, உங்களுக்குத் தெரியலையா?"

தெரியவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள் எத்தனை சதவீதம் பேர் வெளியே கிளம்புவார்கள், எத்தனை பேர் சைக்கிள் கேட்பார்கள், வயதானவர் எத்தனை அடி நடப்பார் என்று எல்லாம் எழுதினேன். முகூர்த்தம் என்ற வார்த்தை ஒரு பக்கத்திலும் இல்லை. வெளிநாட்டுக் கையேட்டை வைத்துக் கணக்குப் போட்டேன். அந்தக் கையேட்டுக்காரர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்றைக்கு வேண்டுமானாலும் குடிபோகிறவர்கள்.

அதே நாள் | பிற்பகல் 3.40

ஒன்றை எழுதாமல் விட்டால் மனது அடங்காது. மனை 17 என் வீடு. கட்டுப்பாட்டு அறையிலிருந்து தொண்ணூறு அடி. சாவி நாற்பது நாளாக என் பையில் இருக்கிறது. நான் இன்னும் உள்ளே போகவில்லை. இந்த நாற்காலியிலேயே தூங்கி முதுகு பிடித்துக் கிடக்கிறேன்.

வேலைக்கு வசதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். தங்கை மரகதவல்லியின் குடும்பமும் இங்கே குடிவருகிறது. அவள் மதுரையிலிருந்து பால் குண்டான் கொண்டுவந்த பிறகுதான் உள்ளே போக வேண்டும் என்று இருந்திருக்கிறேன். மற்றவர்கள் மட்டும் கையேட்டுப்படி நடப்பார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாள் 48 | காலை 10.05

நிறுவனத்தின் விற்பனை இயக்குநர் கார்வண்ணனோடு சென்னைக்குப் பேசினேன். என் யோசனை இதுதான்: ஒரு ஜோதிடரைப் பிடித்து, குடும்பத் தலைவரின் நட்சத்திரப்படி ஆளுக்கொரு முகூர்த்தமாக ஐந்து நாளைக்குப் பிரித்துக் கொடுத்துவிடலாம். சந்திரன் எந்த நட்சத்திரத்தில் நிற்கிறது என்று பார்த்துக் குறிக்கிற நேரம் அது. நாங்கள் சந்திரன் மேலேயே நிற்கிறோம். கொஞ்சம் விட்டுக்கொடுக்க இடமிருக்கும்.

"மேடம், சூப்பர் ஐடியா. ஆனா ஒரே முகூர்த்தத்துல இருநூத்தி நாலு கிரகப்பிரவேசம்னு விளம்பரம் போயிருச்சு. லைவ் போகுது. இறங்குதளப் பால்பண்ணையில இருந்து பசு மாட்டுக்குக்கூட சொல்லியாச்சு. முதல் வண்டியில மாடு, பின்னாடி எல்லாரும். நீங்க பன்னெண்டு வண்டியையும் ஒண்ணா விட்டுருங்க, அவ்ளோதான்."

மொத்த இருக்கை 288, வரப்போகிறவர்கள் எழுநூற்றுக்கு மேல் என்றேன்.

"அட, பசங்களை மடியில வெச்சுக்கப் போறாங்க மேடம். பன்னெண்டு நிமிஷம்தானே?"

முதல் முறையாக அவர் பன்னிரண்டு நிமிடம் என்று ஒப்புக்கொண்டார்.

நாள் 51 | காலை 9.30

இருப்பு கொள்ளவில்லை. மேடைக்கும் அறைக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். கணக்கு இது: வண்டிக்குள் இருக்கும் காற்று இருபத்து நான்கு பேருக்கு இரண்டு மணி நேரம் வரும். அதாவது ஒரே ஆளுக்கு நாற்பத்தெட்டு மணி நேரம். அறுபத்தைந்து பேர் ஏறினால் நாற்பத்து நான்கு நிமிடம். பயணமும் இறங்குவதும் சேர்த்துக் கடைசி வண்டி முப்பத்து நான்காம் நிமிடத்தில் காலியாகிவிடும். கையில் மிச்சம் பத்து நிமிடம். எந்த வண்டியும் எங்கேயும் நிற்காவிட்டால் ஒன்றும் ஆகாது.

நின்றால்? குழாய்ப்பாதையில் காற்றே கிடையாது. வண்டிகள் ஒன்றையொன்று தாண்ட முடியாது. பின்னோக்கி ஓடும் வசதி 'இரண்டாம் கட்டத்தில்'.

என் முதல் வரைபடத்தில் இதற்கு வழி இருந்தது. குடியிருப்புக்கு முந்தைய தொள்ளாயிரம் மீட்டருக்குப் பாதையை ஒட்டியே ஒரு நடைகுழாய். வண்டி நின்றால் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கி, வீட்டுக்கு நடந்து போய்விடலாம். அதைத் தோண்டினார்கள், கதவுகள் வைத்தார்கள், ஒரு முறை காற்று நிரப்பிக் கசிவும் சோதித்தோம். பிறகு ஊர்ப்பக்க வாசல் நல்ல இடத்தில் இருக்கிறதே என்று அதை அடைத்து இன்னொரு மனையாக்கினார்கள். காற்றையும் வெளியேற்றிவிட்டார்கள். 'நடைபாதை, இரண்டாம் கட்டம்' என்று என் அறிக்கையின் எண்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். அதன் கீழே இருப்பது என் கையெழுத்து.

ஒரு மாதம் கழித்து ஊழியர் ஒதுக்கீட்டில் எனக்கு ஒரு வீடு வந்தது. அதே மனை. எண் 17. இதற்கு அது என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நாள் 54 | காலை 8.44

முகூர்த்த நாள். வண்டிகளைக் கிளப்பும் பொத்தான் சென்னையிலும் இருக்கிறது. என்னுடையதை நேற்றே முடக்கிவிட்டார்கள். பார்த்துக்கொண்டு இருப்பதுதான் என் வேலை. எஸ்தரிடமிருந்து:

"அக்கா, எண்ண முடியலக்கா. ஆளுக்கொரு பித்தளப் பானை, குத்துவிளக்கு, சாமி படம். அடுத்த வண்டியில வாங்கன்னா முகூர்த்தம் தப்பிரும்ங்காங்க. யாரு எதுல ஏறுனாங்கன்னு எனக்கே தெரியல."

மரகதத்திடமிருந்து, வண்டி 12:

"அக்கா, பால் குண்டான் பத்திரமா இருக்கு. உன் வீட்டுக்குத்தான் மொதல்ல காய்ச்சணும். நிக்க எடமில்ல, ஆனா ஒரே சிரிப்பா இருக்கு போ."

9.02

கதவுகள் மூடின. பன்னிரண்டு வண்டியும் கிளம்பின. காற்றின் எல்லை 9.46.

9.15

வண்டி 1 மேடையைத் தொட்டது. கதவு திறந்தது. நாதஸ்வரம் ஒலிபெருக்கியில். பசுவின் பெயர் செவலை. தொழுவத்தைவிட்டு வெளியே வந்ததே இல்லை. கழுத்தில் மாலை, நெற்றியில் குங்குமம்.

9.18

வெளிச்சத்தைப் பார்த்து மிரண்டு துள்ளியது. நிலாவில் எடை ஆறில் ஒரு பங்குதான்; இங்கே ஒரு துள்ளு ஆறு துள்ளு. இறங்கும்போது பின்னங்கால் வண்டியையும் மேடையையும் சேர்க்கும் காற்றுபுகா உறையின் சந்துக்குள் தொடை வரை போய்விட்டது.

9.22

ஆறு பேர் தூக்கிப் பார்த்தார்கள். உதைக்கிறது. கதவு மூடாமல் வண்டி நகராது. மூடாத கதவோடு எந்த வண்டியும் ஓடக்கூடாது என்பது நான் எழுதிய விதி. யாராலும் மீற முடியாதபடி எழுதியிருக்கிறேன். நானும் முயன்று பார்த்துவிட்டேன்.

பின்னால் பதினொரு வண்டி, வால் பிடித்த மாதிரி வரிசையாக நிற்கிறது.

9.24

சென்னை: "மேடம், மாட்டை யாரும் அடிச்சிராதீங்க. லைவ்ல இருக்கு."

இணைப்பைத் துண்டித்துவிட்டேன்.

9.27

மனை 17. கதவைத் திறந்தேன். எந்தக் காலை முதலில் வைத்தேன் என்று நினைவில்லை. சமையலறையின் பின்சுவர்தான் நடைகுழாயின் வாசல். தண்ணீர்க் குழாய்க்குத் துளை போட வந்தவர்கள் விட்டுப்போன இயந்திரம் பரணில் இருந்தது. ஒரு துளை நான்கு அங்குலம். ஒரே துளை வழியாக நடைகுழாய் நிரம்ப நாற்பத்தேழு நிமிடம். நான்கு துளை வேண்டும். ஊர்க்காற்று உள்ளே வரட்டும் என்று வாசல் கதவை அகலத் திறந்து நாற்காலியை முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

9.31

முதல் துளை. வீடே விசில் அடிக்கிறது. திரைச்சீலை, காலண்டர் எல்லாம் சுவரை நோக்கிப் பறக்கிறது.

9.34

இரண்டாவது.

9.36

மூன்றாவது. இயந்திரத்தை எடுக்கும்போது வலது உள்ளங்கை துளையில் ஒட்டிக்கொண்டது. காலால் சுவரை உதைத்துத்தான் பிடுங்க முடிந்தது. கை கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது. இனி வாயால் சொல்கிறேன். கருவி எழுதிக்கொள்ளட்டும்.

9.38

நான்கு. இடது கையால். நடைகுழாய் 28 சதவீதம். எழுபது வந்தால்தான் பக்கத்துக் கதவுகள் திறக்கும்.

9.40

வண்டி 12: "அக்கா... தலை வலிக்குதுக்கா. எல்லாரும் கொட்டாவி விடுறாங்க. யாரும் பேசல. பக்கத்துல ஒரு பாப்பா தூங்கிருச்சு. எழுப்புறாங்க, எந்திரிக்க மாட்டேங்குது. எப்பக்கா வண்டி எடுப்பாங்க?"

என்ன சொல்ல? என் கையெழுத்துக்குள் நின்றுகொண்டிருக்கிறாய் என்றா? இடதுபக்கக் கதவைப் பார்த்துக்கொண்டே இரு, பச்சை விளக்கு எரிந்ததும் தள்ளு, காது அடைக்கும், பயப்படாதே என்றேன். எல்லா வண்டிக்கும் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். 45. 52. ஏறு. ஏறித் தொலை. 58.

9.44

70.

பச்சை. பதினொரு வண்டியிலும் பச்சை. கதவுகள் திறக்கிற சத்தம் சுவர் வழியாகக் கேட்கிறது.

9.58

காற்று சமமாகிவிட்டது. நான்கு துளைக்கும் நடுவே கடப்பாரையால் இடிக்கிறேன். மறுபக்கத்திலிருந்தும் யாரோ பித்தளைப் பானையால் இடிக்கிறார்கள்.

10.15

எண்ணினேன். ஒவ்வொரு தலையாக எண்ணினேன். என் சமையலறை வழியாக நடந்து போனவர்கள் 712. வண்டி 1-லிருந்து முப்பத்தெட்டு பேர் முன்பே இறங்கிவிட்டார்கள். ஆக 750. ஒரு அம்மாள் என் இடிந்த சுவரைத் தாண்டும்போது தன் காலையே குனிந்து பார்த்தார். வலது காலைத்தான் வைத்தார்.

கடைசியாக வந்தவர்களில் மரகதம். குண்டானில் பால் பாதி. எழுப்ப முடியாமலிருந்த குழந்தை அவள் தோளில் அழுதுகொண்டிருந்தது. அதன் தாய் பின்னால் நடக்க முடியாமல் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

நாள் 55 | காலை 8.00

உயிரிழப்பு இல்லை. ஏழு பேர் மருத்துவ அறையில். செவலையின் காலை மேடைத் தகட்டை அறுத்து எடுத்தார்கள். நொண்டுகிறது, புல் தின்கிறது. என் கையில் இரண்டு விரல் இன்னும் மரத்துக் கிடக்கிறது.

நாள் 57 | பகல் 12.15

நிறுவனத்தின் அறிக்கை வந்தது. 'பன்னிரண்டு வண்டிகளில் பயணித்தோர்: 288. இருக்கைகளின் எண்ணிக்கை எந்த நிலையிலும் மீறப்படவில்லை. சிறு தாமதத்துக்குப் பின் அனைவரும் பாதுகாப்பாக இல்லம் சேர்ந்தனர். எனவே தற்போதைய ஏற்பாடுகள் போதுமானவை என்பது நிரூபணமாகிறது.'

ஏறும்போது யாரும் எண்ணவில்லை. அதனால் அவர்கள் எண்தான் எண். மீதி 462 பேர் என் சமையலறை வழியாக நடக்கவே இல்லை.

இணைப்பு: இரண்டாம் கட்டம். அறுநூறு குடும்பம். அதே பன்னிரண்டு வண்டி. முகூர்த்தம் நாள் 83. பின்னோக்கி ஓடும் வசதி, நடைபாதை இரண்டும் மூன்றாம் கட்டத்தில். மனை 17-இன் பின்சுவர் உடனடியாக மூடப்படும். தொண்ணூற்றொன்றாம் பக்கத்தில் என் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

நாள் 58 | மாலை 5.20

குடியிருப்போர் சங்கத்தைக் கூட்டினேன். என் வீட்டிலேயே, அந்த ஓட்டைக்கு முன்னால். நன்றி சொன்னார்கள். ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். உலகத்துக்குச் சொல்வோம், வாருங்கள் என்றேன். ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள். பிறகு மரகதம் குரல் அனுப்பினாள்.

"அக்கா, கோவிச்சுக்காத. ஒண்ணும்தான் ஆகலையே? இருந்ததெல்லாம் வித்துட்டு இப்பத்தான் வந்து உக்காந்திருக்கோம். இது வெளிய தெரிஞ்சா நாளைக்கு இந்த வீட்டை யாருக்கா வாங்குவா? சும்மா இரேன்."

என் மேல் எனக்கு வருகிற கோபத்தில் பாதிகூட அவள் மேல் வரவில்லை. ஒரு வீட்டுக்காகச் சும்மா இருந்தவள்தானே நானும்.

நாள் 60 | காலை 9.10

கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுதி அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் பதில். எனக்குப் பதிலாக ஒருவர் நியமனம். அவர் ஏற்கெனவே போட்டுவிட்டார். நாளை காலை சுவரை மூடுகிறார்கள். பகல் கப்பலில் நான் மதுரைக்கு. இந்தப் பதிவேட்டின் கணினிப் பிரதி எப்படியும் அழிக்கப்படும். அதனால் பன்னிரண்டு பிரதி அச்செடுத்தேன்.

நாள் 61 | காலை 6.30

கடைசிப் பதிவு. வண்டிக்கு ஒன்றாக, மூன்றாவது இருக்கைக்கு அடியில் ஒட்டிவிட்டேன். இதை நீங்கள் படிக்கிறீர்கள் என்றால் ஏதோ தேடிக் குனிந்திருக்கிறீர்கள். வண்டி நின்றிருக்கிறது.

மனை 17-இன் வாசல் பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டேன். புதுப் பூட்டு வரும் வரை கதவைத் தள்ளினால் திறக்கும். பூட்டியிருந்தால், உதவிக்கு வருகிறவர் உடைக்கட்டும். துளை இயந்திரம் சமையலறைப் பரணில், பால் கறை படிந்த குண்டானுக்குப் பின்னால். புதுச் சுவரில் நான்கு வட்டம் வரைந்து வைக்கச் சொல்லிக் கொத்தனாரிடம் கெஞ்சியிருக்கிறேன். வரையாவிட்டாலும் பரவாயில்லை: தரையிலிருந்து நான்கடி உயரம், நான்கு துளை. போட்ட துளைக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோக வேண்டாம்.

துளையை வீட்டுக்குள்ளிருந்துதான் போட முடியும்; அதற்கு ஊருக்குள் யாரையாவது கூப்பிட வேண்டும். வீடு 44-ஐக் கூப்பிடுங்கள். மரகதவல்லி. இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. சும்மா இருக்கச் சொன்னவள்தான். ஆனால் மூச்சு முட்டுகிறது என்று ஒரு குரல் கேட்டால் செருப்புகூடப் போடாமல் ஓடி வருவாள். எனக்கு அவளைத் தெரியும்.

எவ்வளவு நேரம் இருக்கிறது என்று வண்டியில் எங்கேயும் எழுதியிருக்காது. நாற்பத்தெட்டை உங்கள் தலைகளின் எண்ணிக்கையால் வகுங்கள். வருவது மணிக்கணக்கு. கதவு மூடிய நேரத்திலிருந்து. மடியில் இருக்கிற குழந்தைகளையும் சேர்த்து. அவர்களும் மூச்சு விடுகிறார்கள்.

உங்களை யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். நீங்களே எண்ணத் தொடங்குங்கள்.